மாத்திரை முடிந்த பிறகும் ஸ்மியரில் 3+ இருந்தால் கிருமி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு வயது 61. தொழுநோய்க்கான 12 மாத அட்டை மாத்திரை போன மாதம் முடிந்தது. ஆரம்பத்தில் எடுத்த ஸ்கின் ஸ்மியரில் (தோலைக் கீறி எடுத்துக் கிருமி எண்ணும் சோதனை) 4+, இப்போது 3+. அரசு ஆஸ்பத்திரியில் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். வெளியே காட்டிய தோல் டாக்டரோ இன்னும் ஒரு வருடம் சாப்பிடச் சொல்கிறார். 'இவ்வளவு கிருமி இருக்கும்போது எப்படி நிறுத்தலாம், அரசாங்கம் மருந்தை மிச்சம் பிடிக்கிறதா' என்று கேட்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், 'என் மகளுக்கு நாலு வயது, தாத்தாவோடுதான் தூங்குவாள்' என்று ஒரு வரி. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாப்பா தாத்தாவோடு தாராளமாகத் தூங்கலாம். அட்டையில் மாதம் ஒருமுறை தனியாக விழுங்கச் சொல்வார்களே, ரிஃபாம்பிசின், அதன் முதல் வேளை 600 மில்லிகிராமே சில நாட்களில் உயிருள்ள கிருமிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றுவிடும். அப்பாவிடமிருந்து பரவும் ஆபத்து ஒரு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. கணக்கில் எடுக்க வேண்டியது நோய் தெரியாமல் இருந்த அந்த முந்தைய காலத்தைத்தான். அதிலும் 100 பேரில் 95 பேருக்கு இந்தக் கிருமி உள்ளே போனாலும் ஒன்றும் செய்யாது, உடம்பே சமாளித்துவிடும். மீதிப் பேருக்கு வருவதானால் சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடம்கூட ஆகும். அதனால் பாப்பாவை வருடம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பாருங்கள். வெளிறிய, உணர்ச்சி குறைந்த தேமல் இருந்தால் காட்டுங்கள். வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். உங்கள் வீட்டில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். பங்களாதேஷில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் முதல் இரண்டு வருடத்தில் புதிதாக நோய் வருவது 57 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில், ஒரே வீட்டில் வாழ்ந்த நெருங்கிய சொந்தங்களுக்குக் கிடைத்த பலன் அக்கம்பக்கத்தாருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. மாத்திரை கொடுத்தாயிற்று என்று வருடாந்திரப் பார்வையை விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். காசநோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

எப்படிப் பரவுகிறது என்பதில் ஒரு பங்கு இன்னும் ஊகம்தான். மூக்கு வழியாக வெளியேறுகிறது என்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது. உள்ளே போவதும் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் என்று நினைக்கிறார்கள். தட்டு, டம்ளர், துண்டைத் தனியாக வைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து ஒன்றாகக் கலந்துவிடுங்கள்.

இனி 3+ விஷயம். நான் டாக்டர் இல்லை. தொழுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் 27 வருடம் ஸ்லைடு பார்த்தவன், சுண்டெலி வளர்த்தவன். உங்கள் அப்பாவுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அந்த 3+ என்ற எண் எப்படிப் பிறக்கிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று மட்டும் சொல்ல முடியும்.

காது மடலை விரலால் ரத்தம் விலகி வெளுக்கும் வரை அழுத்திப் பிடிப்போம். பிளேடு நுனியால் 5 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சின்னக் கீறல். பிளேடைத் திருப்பி உள்பக்கத்தைச் சுரண்டி, வருகிற கூழை ஸ்லைடில் பொட்டு மாதிரித் தடவுவோம். சிவப்புச் சாயத்தைப் போட்டுச் சூடாக்கி, அமிலத்தில் அலசி, மேலே நீலம். எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பெரிய லென்ஸில் பார்த்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரியும். கிருமி அதிகமுள்ளவர்களிடம் அவை பீடிக்கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். லென்ஸில் ஒரே நேரத்தில் தெரிகிற வட்டத்தில் சராசரியாக 10 முதல் 100 குச்சி இருந்தால் 4+, 1 முதல் 10 என்றால் 3+. கவனியுங்கள், ஒரு படி இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது என்று பொருள். 4 ரூபாய் 3 ரூபாய் ஆன கணக்காக இதைப் பார்த்துவிட்டுத்தான் பல வீடுகளில் பதறுகிறார்கள்.

இன்னொன்று, அந்தச் சிவப்புச் சாயம் செத்த கிருமியிலும் ஏறும். இதன் மேல்தோலில் மெழுகு மாதிரி ஒரு கொழுப்புப் படலம் உண்டு. கிருமி செத்தாலும் அது சீக்கிரம் கரையாது. வீட்டை இடித்தாயிற்று, இடிபாட்டை அள்ளத்தான் ஆள் இல்லை. அதிலும் 4+ வரை போகிறவர்களின் உடம்பு இயல்பாகவே இந்தக் கிருமியைத் தின்று செரிக்கத் தெரியாத உடம்பு. அதனால்தான் அந்த அளவுக்குப் பெருகவே செய்தது. இறந்த குச்சிகளை அது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு படி என்ற வேகத்தில்தான் வெளியேற்றும், சிலருக்கு அதைவிடக் கொஞ்சம் மெதுவாக. 12 மாதத்தில் 4+ இலிருந்து 3+ என்பது பாடப்புத்தகத்தில் போட்டது போன்ற இறக்கம். மாத்திரையைத் தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் இந்த இறக்கத்தின் வேகம் பெரிதாக மாறுவதில்லை என்பது பலமுறை பார்த்த விஷயம்.

அப்படியானால் மிச்சமிருக்கும் குச்சியில் எது பிணம், எது உயிர் என்று எப்படித் தெரியும் என்பீர்கள். என் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் ஓடியது. ஸ்லைடிலேயே ஒரு வழி உண்டு. உயிருள்ள குச்சி முழுசாக, ஒரே சிவப்பாக இருக்கும். செத்தது துண்டு துண்டாக, நூல் அறுந்த பாசிமணி மாதிரித் தெரியும். முழுக்குச்சி நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுவோம். மருந்து ஆரம்பித்த சில வாரங்களில் அந்த எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆனால் இது கண்ணுக்குக் கண் மாறும் கணக்கு. சேர்ந்த புதிதில் ஒரு ஸ்லைடுக்கு நான் 6 என்று எழுத, என் சீனியர் அதையே பார்த்துவிட்டு 1 என்று அடித்துத் திருத்தினார். சாயம் கொஞ்சம் தூக்கலாகப் போனாலே செத்தது முழுசாகத் தெரியும். பல இடங்களில் இந்த எண்ணிக்கையைக் கைவிட்டதற்கு அதுதான் காரணம். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் இது இல்லாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மற்ற கிருமி என்றால் இத்தனை பாடு கிடையாது. சத்துள்ள ஊடகத்தில் தடவி வைத்தால் உயிருள்ளது வளரும், செத்தது வளராது. இது வளரவே வளராது. நார்வேயில் பெர்கன் நகரத்தில் ஹான்சன் என்ற டாக்டர் இதைக் கண்டுபிடித்தது 1873இல். கோஹ் காசநோய்க் கிருமியைக் கண்டது அதற்கு ஒன்பது வருடம் கழித்து. அப்படி மூத்த கிருமி, இன்றுவரை ஒரு சோதனைக் குழாயிலும் வளர்ந்து கொடுக்கவில்லை. ஹான்சனே அந்தத் தவிப்பில் 1879இல் ஒரு தப்புச் செய்தார். ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததை, சம்மதம் கேட்காமல், இன்னொரு பெண்ணின் கண்ணில் குத்திப் பார்த்தார். வழக்காகி, அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வேலையை இழந்தார். தொழுநோய் ஆராய்ச்சி என்று பெருமையாகப் பேசும் இடங்களில் இந்தப் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.

ஏன் வளராது என்பதற்கு 2001இல் பாதி விடை கிடைத்தது. கிருமியின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தார்கள். காசநோய்க் கிருமிக்கு வேலை செய்யும் மரபணு சுமார் 4,000. அதன் பங்காளியான இதற்கு சுமார் 1,600தான். அதோடு செத்துப்போன மரபணு ஆயிரத்துக்கு மேல், இடிந்த சுவர் மாதிரி அப்படியே நிற்கிறது. பாகம் பிரிந்து வந்தபோது சமையலறையை விட்டுவிட்டு வந்தவன் இவன். சொந்தமாகப் பொங்கத் தெரியாது, நம் செல்லுக்குள் உட்கார்ந்தால்தான் சோறு.

ஆகவே உயிரைச் சோதிக்க ஓர் உடம்பு வேண்டும். 1960இல் அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்பவர் சுண்டெலியின் பின்னங்கால் பாதத்தில் இதைப் பெருக்கிக் காட்டினார். இந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். மனிதனிடமும் காது, மூக்கு, கை கால் தோலை ஒட்டிய நரம்பு என்று குளிர்ந்த பாகமாகப் பார்த்துத்தான் குடியேறும். (பின்னால் 1971இல் ஆர்மடில்லோ என்ற, ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கில் ஏராளமாக வளர்த்தார்கள், அதன் உடம்புச் சூடும் குறைவு.) எங்கள் வேலை இதுதான்: நோயாளியின் தோலில் எடுத்த துணுக்கை அரைத்து, எண்ணி, ஒரு பாதத்துக்கு 5,000 முதல் 10,000 கிருமி என்று 0.03 மில்லிலிட்டரில் ஏற்றுவது. பிறகு காத்திருப்பது. குடல் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும், இதற்கு 12 முதல் 14 நாள். எட்டு மாதம், பத்து மாதம், ஒரு வருடம் கழித்துப் பாதத்தை எடுத்து எண்ணுவோம். லட்சக்கணக்கில் பெருகியிருந்தால் உயிர் இருந்தது என்று அர்த்தம். ஒரு மே மாதம் விலங்குக்கூடத்தில் ஏசி நாலு நாள் படுத்துவிட்டது. ஈரத்துணி கட்டி, மின்விசிறி வைத்து, கூண்டுகளை வராந்தாவுக்கும் உள்ளுக்குமாகத் தூக்கினோம். மார்ச்சில் ஏற்றிய தொகுதி டிசம்பரில் ஒன்றும் பெருகவில்லை. கிருமி செத்து வந்ததா, சூட்டில் எங்களிடம் செத்ததா என்று சொல்ல வழியில்லை. ஒரு வருட உழைப்பைப் பதிவேட்டில் குறுக்குக்கோடு போட்டு மூடினோம். தொழுநோய் ஆராய்ச்சி ஏன் ஆமை வேகம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது. இப்போது கிருமியின் ஆர்.என்.ஏ.வை அளந்து உயிரைக் கணிக்கிறார்கள். கிருமி செத்த பிறகு ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. அளவுக்கு நிற்காது. ஆனால் இந்தச் சோதனை ஆராய்ச்சிக்கூட வித்தையாகவே இருக்கிறது, மாவட்ட ஆஸ்பத்திரி வரை வரவில்லை.

இந்தச் சுண்டெலிப் பாதம்தான் உங்கள் அப்பாவுக்கு ஏன் மூன்று மருந்து என்பதையும் தீர்மானித்தது. நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்ட காலம் போய், 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தார்கள். நம் செங்கல்பட்டில் காக்ரேன் என்ற தொழுநோய் டாக்டர் அந்த வகையைச் சேர்ந்த டாப்சோனைக் கொடுத்துப் பார்த்தார். ஆயுளுக்கும் டாப்சோன் ஒன்று போதும் என்று இருபது வருடம் ஓடியது. 1964இல் மலேசியாவின் சுங்கை பூலோவில், மருந்து எடுத்தும் நோய் திரும்பியவர்களின் கிருமியைச் சுண்டெலியில் ஏற்றி, அது டாப்சோனுக்கு மசியவில்லை என்று நிரூபித்தார்கள். அதன் விளைவாக 1981இல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது.

அப்போது சொன்ன காலக்கணக்கைக் கவனியுங்கள். கிருமி அதிகமுள்ளவர்களுக்குக் குறைந்தது இரண்டு வருடம், முடிந்தால் ஸ்மியர் நெகட்டிவ் ஆகும் வரை. பிறகு ஸ்மியர் எப்படி இருந்தாலும் 24 மாதம் என்றார்கள். 1990களின் கடைசியில் அது 12 மாதமானது. உங்கள் இரண்டு டாக்டர்களில் ஒருவரும் உங்களை ஏமாற்றவில்லை. ஒருவர் இன்றைய விதிப்படி நிற்கிறார், இன்னொருவர் பழைய எச்சரிக்கையோடு நிற்கிறார். மருந்தை மிச்சம் பிடிக்கவும் ஒன்றுமில்லை. 2000 முதல் உலகம் முழுமைக்கும் தயாரிப்பு நிறுவனமே இலவசமாகத்தான் கொடுத்து வருகிறது.

உங்கள் சந்தேகத்தில் ஒரு துளி நியாயமும் இருக்கிறது. 'பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ்' என்பதுதான் ஒழிப்புக்கு வைத்த அளவுகோல். அதில் எண்ணுவது அந்த நேரத்தில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை மட்டும். சிகிச்சைக் காலத்தை 24 மாதத்திலிருந்து 12 ஆக்கினாலே, ஒருவருக்கும் கூடுதலாகக் குணமாகாமல், பட்டியல் ஏறக்குறைய பாதியாகும். 2005 டிசம்பரில் இந்தியா அந்தக் கோட்டைத் தாண்டியது. தாண்டியதும் வீடு வீடாகத் தேடுவது ஓய்ந்தது, ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள். 2016இல்தான் மறுபடி பெரிய அளவில் தேட ஆரம்பித்தார்கள். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குமேல் புதிய நோயாளிகள் இன்றும் நம் நாட்டில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், உலகக் கணக்கில் பாதிக்கும் மேல். 12 மாதம் என்ற முடிவு மருத்துவக் காரணத்துக்காகவும் எடுக்கப்பட்டதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் எண்ணிக்கையின் மேல் இருந்த மோகத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு.

எது உறுதி, எது இழுபறி என்று பிரித்தால் இப்படி வரும். மூன்று மருந்தை ஒழுங்காக முடித்தவர்களில் நோய் திரும்புகிறவர்கள் மொத்தத்தில் மிகக் குறைவு, அது உறுதி. திரும்பினாலும் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குப் பிறகுதான், மறுபடி அதே மருந்துகள் பெரும்பாலும் கேட்கும். இழுபறி எங்கே என்றால், ஆரம்பத்தில் 4+ அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் விஷயத்தில். அவர்களிடம் மறுபடி வருவது கூடுதல் என்று ஆக்ராவிலும் ஆப்பிரிக்காவில் மாலியிலும் பின்தொடர்ந்தவர்கள் சொன்னார்கள். வேறு இடங்களில் அவ்வளவு தெரியவில்லை. உங்கள் அப்பா சரியாக அந்த வாசற்படியில் நிற்கிறார். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால், மருந்தை நானாகத் தொடரவும் மாட்டேன், 'முடிந்தது' என்று கோப்பை மூடவும் மாட்டேன். இரண்டு டாக்டரின் கருத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, தொழுநோய்க்கென்றே உள்ள ஒரு நிலையத்தில், திருமணியோ கரிகிரியோ, ஒருமுறை காட்டுவேன். வருடம் ஒரு ஸ்மியர் எடுக்கச் சொல்வேன். இறங்கிக்கொண்டே வந்தால் கவலை இல்லை. இறங்கிய எண் மறுபடி இரண்டு படி ஏறினால், அல்லது புதிதாகத் தடிப்பு வந்தால், அப்போது மருந்துக்கு மசியாத கிருமியா என்று மரபணுச் சோதனை செய்யலாம்.

இந்த 3+ஐவிட எனக்குக் கவலை தருவது வேறு. அந்தச் செத்த குச்சிகள் சும்மா கிடக்கும் என்று நினைக்காதீர்கள். உடம்பு திடீரென்று விழித்துக்கொண்டு அவற்றோடு சண்டை பிடிக்கும். ரியாக்ஷன் என்பார்கள். 4+ இருந்தவர்களுக்கு, மாத்திரை நிறுத்தி ஒன்றிரண்டு வருடம் கழித்துக்கூட, காய்ச்சலோடு தோலில் சிவந்த, தொட்டால் வலிக்கும் முடிச்சுகள் வரலாம். கண் சிவக்கலாம், முழங்கை உள்பக்க நரம்பு சுண்டி இழுக்கலாம், ஒரு காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போகலாம். இது நோய் திரும்பியதும் இல்லை, மருந்து ஒவ்வாமையும் இல்லை. அந்த வாரமே காட்டி ஸ்டீராய்டு ஆரம்பித்தால் நரம்பு பிழைக்கும், ஆறு மாதம் தள்ளினால் பெரும்பாலும் பிழைக்காது. 1948 வாக்கில் வேலூரில் கை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய பால் பிராண்ட் காட்டியது இதன் நீட்சிதான்: விரலைக் கிருமி தின்னவில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் தின்றன. தூக்கத்தில் எலி கடித்ததுகூடத் தெரியாமல் விரல் போனவர்களைப் பார்த்துவிட்டு, நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

அதனால் மாதம் ஒருநாள் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையிலும் பாதத்திலும் பால்பாயிண்ட் பேனா நுனியால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இமை இறுக மூடுகிறதா, கட்டைவிரல் நேராக எழுகிறதா, பாதம் மேலே மடங்குகிறதா என்று பாருங்கள். காபி டம்ளரைத் துணி சுற்றிக் கொடுங்கள். பாதத்தில் மரத்த இடம் இருந்தால் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும். நீங்கள் எழுதியிருந்த தோல் கறுப்பு க்ளோஃபாசிமின் சாயம், ஒரு வருடத்தில் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

ஒரு சந்தேகம். இரண்டு ஸ்மியரும் ஒரே இடத்தில், ஒரே கூடத்தில் எடுத்ததா? முதலில் காது மடலிலும் அடுத்தது முதுகுத் தடிப்பிலும் எடுத்திருந்தால் மேலே சொன்ன இறக்கக் கணக்கே செல்லாது. ரிப்போர்ட்டில் ஓரமாக எழுதியிருப்பார்கள். பெயரை மறைத்துவிட்டு இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.